நோக்கம் சார்

“நான்தான் வெட்டினேன் மேடம். இன்னும் எத்தனை தடவை கேட்டாலும் இதான் பதில்.”

விசாரணை அதிகாரிக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து இதே பல்லவிதான். எதிரே உட்கார்ந்திருந்தவர் அந்தத் தொழிற்சாலைக்கு இருபத்தெட்டு வருடங்களாக விதிகள், ஒப்பந்தங்கள், அறிவிப்புகள் எல்லாம் எழுதிக்கொடுப்பவர். இன்னும் ஏழு மாதத்தில் ஓய்வு பெற வேண்டியவர். இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டால் நேரே ஜெயிலுக்குத்தான் போவார்.

மேஜையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அவர் கைப்பட எழுதியது.

‘நோக்கம்: தீப்பிடித்தால் மாடிப்படியில் புகை புகாமல் தடுப்பது. தப்பிக்க இது ஒன்றே வழி என்பதால் பூட்டக் கூடாது. விதி: மூன்றாம் மாடிக் கதவு எப்போதும் மூடியே இருக்க வேண்டும்.’

மற்றது அந்தக் கதவில் ஒட்டப்பட்டிருந்த அச்சுத் தாள். அதில் கதவு மூடியே இருக்க வேண்டும் என்ற வரி மட்டும்தான் இருந்தது. நோக்கத்தைக் காணோம்.

காவலாளி காலையில் வந்து விக்கி விக்கி அழுதுவிட்டுப் போயிருந்தார். “காத்து வரலைன்னு ஆளாளுக்குக் கதவைத் திறந்து வச்சாங்க மேடம். மூடலைன்னு நான் நாலு மெமோ வாங்கினேன். பொறுத்துப் பார்த்துட்டுப் பூட்டைப் போட்டேன். தப்பிக்கிற வழி, பூட்டாதேன்னு ஒரு வார்த்தை இருந்திருந்தா என் கை அந்தப் பூட்டைத் தொட்டிருக்குமா?”

போன மாதம் தீப்பிடித்தபோது, அந்தப் பூட்டிய கதவுக்குப் பின்னால் பதினோரு பேர் செத்துப்போனார்கள்.

எதிரே இருப்பவருக்குத் தொழிற்சாலையில் ‘நோக்கம் சார்’ என்றுதான் பெயர். கைகழுவும் இடத்தில் ‘குழாயை மூடவும்’ என்று ஒரு அட்டை எழுதித் தரச் சொன்னால்கூட, எதற்காக மூட வேண்டும் என்று இரண்டு வரி எழுதிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாராம். நேற்றுத்தான் இங்கே வந்த அதிகாரியின் காதுக்கே அது வந்து சேர்ந்துவிட்டது.

“காதுல பூ சுத்தாதீங்க சார். ஏன், எதுக்குன்னு எழுதாத விதியில நீங்க கையெழுத்தே போட மாட்டீங்களாமே?”

“வயசாயிடுச்சு மேடம். சுருக்கமா இருக்கட்டும்னு வெட்டிட்டேன்.”

“டைப் பண்ணினது யாரு?”

“நானேதான்.”

“உங்க பேரை அடிக்கவே ஒத்தை விரல்ல அரை மணி நேரம் தேடுவீங்கன்னு கேன்டீன்காரர் வரைக்கும் சொல்றாங்க.”

அவர் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க உள்ளே போயிட்டா உங்க வீட்டுக்காரம்மா கதி என்ன? அவங்களை நினைச்சுப் பார்த்தீங்களா?”

“அவளை நினைச்சுத்தான் மேடம் சொல்றேன்.”

என்ன ஜென்மமோ என்று அதிகாரி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. “சரி, டைப் ஆகி வந்ததைப் படிச்சுப் பார்த்தீங்களா? லீவ் லெட்டரையே மூணு தடவை படிக்கிற ஆளாச்சே?”

“படிக்கலை. படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன். அதுக்கே என்னைத் தூக்குல போடலாம்.”

இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. இது ஒன்றுதான் நிஜம் என்று அதிகாரிக்குப் பட்டது.

“அப்போ வெட்டினது நீங்க இல்லை.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவருக்கே புரிந்தது. முகம் வெளிறிப்போனது.

அதிகாரி இறந்தவர்களின் பட்டியலை எடுத்தார். அதில் பெயர்களும் டோக்கன் எண்களும் மட்டுமே இருந்தன. ஒன்பதாவது எண்ணின் மேல் விரலை வைத்தார். “டைப் அடிக்கிற சீட்டுல இருந்தது இந்தப் பொண்ணு. வேலைக்குச் சேர்ந்து மூணு மாசம்தான். இவளைத்தானே மறைக்கிறீங்க?”

“சின்னப் பொண்ணு மேடம். தாள் நீளமா இருந்தா யாரும் படிக்க மாட்டாங்கன்னு, எனக்கு நல்லது பண்றதா நினைச்சு...” பட்டியலை அதிகாரி பக்கமே தள்ளினார். “வேண்டாம். என் பேரையே எழுதிக்குங்க.”

அதிகாரியின் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. அந்த மனிதரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. “சார், அவ போயிட்டா. இனிமே அவமேல கேஸ் போட முடியாது, அவளை யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. அவ பேரைச் சொல்லுங்க. நீங்களாவது பிழைச்சுப் போங்க.”

அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

அந்த நேரத்தில் கீழே வாசலில் கூச்சல் கிளம்பியது. இரண்டு தாள்களும் பத்திரிகையில் வெளியான நாளிலிருந்து, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் தினமும் வந்து நிற்கிறார்கள். எல்லாக் குரலையும் தாண்டிக்கொண்டு ஒரு பெண்ணின் குரல் மட்டும் மாடி வரை கேட்டது.

“அந்த வரியை வெட்டின கை விளங்குமா? என் வயிறு எரியிற மாதிரி அதைப் பெத்தவ வயிறும் எரியாதா?”

அதிகாரி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். “கேட்டீங்களா? நீங்க கையெழுத்துப் போட்டா இந்தச் சாபமெல்லாம் உங்க தலையிலதான் விடியும். யாரோ பெத்த பொண்ணுக்காக இதையெல்லாம் ஏன் சார் வாங்கிக்கட்டிக்கிறீங்க?”

அவர் வாக்குமூலத்தைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்தைப் போட்டார்.

“அங்க கத்தறது என் பொண்டாட்டி மேடம். வெட்டினது எங்க பொண்ணுதான்னு அவளுக்குத் தெரியவே கூடாது.”