பாணன் எடுத்த சீட்டு

பகடை உருட்டிக் கட்டம் கட்டமாக நகர்ந்து ஆடும் ஒரு சண்டை விளையாட்டின் பெட்டிக்குள் யாழேந்திய பாணன் பொம்மை ஒருவன் இருந்தான். எத்தனையோ சண்டைக்குப் போய்வந்தும் அவன் மேல் பூசிய பெயிண்ட் மட்டும் உரியவே இல்லை. யார் கண்ணிலும் படாமல் மறைந்து நிற்கும் மந்திரத்தைத்தான் அவன் எப்போதும் எடுப்பான். போன ஆட்டத்திலும் எதிரியான பூதம் அவனைப் பார்க்காமல் தாண்டிப் போயிற்று. அவன் அணியிலிருந்த வாள்காரி பொம்மையும் அப்படியேதான் போனாள். அடிபட்ட அவள் மற்றவர்களோடு ஒண்டிக்கொண்டு நின்றதை, மூலைக் கட்டத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

புது ஆட்டத்துக்கு ஆடுபவர்கள் மந்திரச் சீட்டுகளை விரித்திருந்தார்கள். பாணன் ஒரே ஒரு காப்பு மந்திரத்தைத்தான் எடுக்க முடியும்.

“எதை எடுக்கலாம்?” என்று பகடையிடம் கேட்டான்.

“இதுல யோசிக்க என்னப்பா இருக்கு? பழையபடி மறைஞ்சுக்கோ. இல்லேன்னா உடம்பு கல்லாகுற மந்திரம் இருக்கு, அதை எடு. ஒரு கீறல் விழாது.”

பாணன் ஓரத்தில் கிடந்த சீட்டைத் தொட்டான். பக்கத்துக் கட்டத்தில் நிற்பவரை மட்டும் காக்கும் பாட்டு அது. பாடுகிறவனுக்கு ஒன்றும் செய்யாது.

“பைத்தியமா உனக்கு? பூதம் ஒரு போடு போட்டா உன் தலை இருக்காது.”

“தெரியும். ஆனா இது என்கிட்ட இருந்தா, அடிபடும்போது அந்த வாள்காரி என்னைத் தேடிக்கிட்டு வருவா இல்ல?”

பகடை உருள மனமில்லாமல் ஓரமாக ஒதுங்கியது. பூதம் ஓங்கும் அடி விழுமா விழாதா என்று உருண்டு சொல்லவேண்டியது அதுதானே.