பரணில் காய்ந்த பந்து

ராஜாங்கம் பந்தை மோந்து பார்த்தார். திருட்டுப் பொருளைக் கண்டுபிடித்துவிட்டவர் போல அதை அம்பயரிடம் நீட்டினார்.

கள்ளக்குறிச்சியில் பெண்கள் பேஸ்பால் லீக்கின் இறுதி ஆட்டம். அவர் டவுன் அணியின் கோச். மலைமேல் இருக்கும் கரியாலூரின் அணி ஒரு ரன் முன்னால். டவுன் அணியில் இன்னும் ஒருத்தியை வெளியேற்றினால் கோப்பை மலைக்கு.

அந்த லீக்கில் வீசுகிற அணிதான் பந்து கொண்டுவர வேண்டும். கரியாலூர்ப் பந்து பழுப்பேறியிருந்தது உண்மை. அதில் அடுப்புப் புகை வாசம் அடித்ததும் உண்மை. தில்லுமுல்லு என்று அம்பயர் எழுதிவிட்டால் ஆட்டம் போச்சு.

பந்து வீசும் மகேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மலையில ஈரம் ஜாஸ்தி சார், பந்து பூஞ்சை புடிச்சிக்கும். அதான் அடுப்புக்கு மேல பரண்ல, வெதச் சோளத்தோட வெச்சோம். சந்தேகம்னா அவுங்க பந்தையே குடுங்க, வீசறேன்.”

ராஜாங்கம் உறை பிரிக்காத புதுப்பந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

மகேஸ்வரி அதை விரல்களில் உருட்டினாள். கொஞ்சம் கனம். தோல் வழுக்கவில்லை.

இந்த சீசன் முழுக்க அவள் பந்தை எல்லாரும் விளாசித் தள்ளினார்கள். கையில் தெம்பில்லை என்று சொல்லாத ஆளில்லை. அவளும் அதை நம்பித் தொலைத்து, விடிந்ததும் எழுந்து கை வலிக்க வலிக்க வீசிப் பழகினாள்.

முதல் பந்து. மட்டை காற்றைத்தான் அடித்தது.

இரண்டாவது, மட்டைக்கு எதிரே போய்ச் சட்டென்று இறங்கியது. மட்டைக்காரி மறுபடி கோட்டைவிட்டாள். இன்னொன்று தவறினால் அவள் அவுட்.

சுக்காகக் காய்ந்த பந்து விரலில் வழுக்கும், அடித்தால் எகிறிப் பறக்கும் என்பது மகேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. எதிரிக்குச் சாதகமான பந்தை வீசிக்கொண்டே இறுதி ஆட்டம் வரை வந்திருக்கிறாள்.

ராஜாங்கத்துக்கும் உறைத்திருக்க வேண்டும். கோட்டருகே ஓடிவந்தார்.

“பரவால்ல சார், அந்தப் பொண்ணோட பந்தே இருக்கட்டும்.”

அம்பயர் மகேஸ்வரியைப் பார்த்தார். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. தோழிகள் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார்கள்.

அவள் புதுப்பந்தை ராஜாங்கத்தின் பக்கம் உருட்டிவிட்டாள். தன் கை என்ன கை என்று அவருக்கும் தெரியட்டும்.

புகையேறிய பந்தை வாங்கிக் கால்சட்டையில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, வீசினாள்.

மட்டைக்காரி சுழற்றி முடித்தபோது, பந்து அவளுக்குப் பின்னால் இருந்தவளின் கையுறைக்குள் போய் உட்கார்ந்திருந்தது.