புகை அடிக்கிற நாள்

"மிஸ், கேட்டடியில ஒரு சேர் நிக்கிறார். இண்டைக்கு ஸ்கூல் மூடெண்டு நினைச்சு வந்தவராம்."

வாச்சர் சொல்லி முடிப்பதற்குள் யதுஷாவுக்கு ஆள் யாரென்று விளங்கிவிட்டது. பள்ளிக்கூடம் இன்றைக்கு மூடியிருக்கிறது என்று நம்பக்கூடியவர் வெள்ளவத்தையில், ஏன், கொழும்பு முழுவதிலுமே ஒரேயொருவர்தான். நம்ப வைத்தவள் அவள்.

அரை ஓட்டமாகக் கேட்டுக்குப் போனாள்.

வெளியே கதிர்காமநாதன் நின்றார். தெஹிவளையில் தபாலகத்தில் வேலை பார்க்கிற மனிதர். இருபது வருடமாகச் சிறுவர் கதை எழுதுகிறார். ரயிலில் ஏறித் தொலைந்துபோன ஆட்டுக்குட்டியின் கதையை அவளுடைய இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள்.

அவரை அழைத்தவளும் யதுஷாதான். "பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளையளோட கதைப்பீங்களோ சேர்?" என்று போனில் கேட்டபோது மனிதர் முதலில் நம்பவேயில்லை. இதுவரை ஒரு பள்ளிக்கூடமும் தன்னைக் கூப்பிட்டதில்லை என்றார். பிறகு, வேட்டி கட்டுவதா களிசான் போடுவதா என்று கேட்டார்.

எல்லாம் சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. போன வாரம் அதிபர் ஒரு செய்தியோடு வந்தார். டிவியில் பிள்ளைகள் நிகழ்ச்சி நடத்தும் தனஞ்சயன் மாமா அதே வெள்ளிக்கிழமை வரச் சம்மதித்துவிட்டாராம்.

"எழுத்தாளரை இன்னொரு நாளைக்குப் பாப்பம். நீங்களே பக்குவமாச் சொல்லிவிடுங்கோ, டீச்சர்."

உண்மையைச் சொல்ல இரண்டு வசனம் போதும். யதுஷாவுக்கு அந்த இரண்டு வசனமும் வாயில் வரவில்லை. அவருக்குப் போன் எடுத்து, பள்ளிக்கூடத்தில் டெங்கு என்றாள். வெள்ளிக்கிழமை நுளம்புக்குப் புகை அடிக்கிறார்கள், அதனால் பள்ளிக்கூடம் மூடு என்றாள்.

அவர் அதோடு விட்டிருக்கலாம். பிள்ளைகள் யாருக்கும் காய்ச்சலா என்று பதறிப்போய்க் கேட்டார். இரண்டு பேருக்கு என்றாள். பெயரைக் கேட்டார். வகுப்பில் அவளுக்கு முன்னால் வாங்கில் ஏறி நின்று சண்டைபிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரின் பெயரை நாக்கு எடுத்துக் கொடுத்துவிட்டது. அபிஷன், ஹம்சிகா.

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த இரண்டு பேரின் நெற்றியையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் வகுப்பையே தொடங்கினாள். அவர்களுக்கு ஏதும் வந்துவிட்டால் அது தன் வாயால் வந்ததாகவே இருக்கும் என்று பயந்தாள்.

இன்று கதிர்காமநாதன் களிசான் போட்டு வந்திருந்தார். புதுச் சட்டை, கடையில் மடித்த மடிப்புக்கூடப் போகவில்லை. கையில் கனமான துணிப்பை.

"டீச்சர் நிப்பியள் எண்டு நான் நினைக்கேல்லை. லீவு முதலே போட்டிட்டன். அதான் இதையாவது வாச்சரிட்ட குடுத்திட்டுப் போவமெண்டு வந்தனான்."

யதுஷா கேட்டை ஒரு ஆள் அகலத்துக்குத் திறந்து, அந்த இடைவெளியில் தானே நின்றுகொண்டாள். பின்னால் மண்டபம். நல்ல காலம், உள்ளே ஏதோ படம் காட்டிக்கொண்டிருந்தார்கள், சத்தம் வெளியே வரவில்லை. பையை வாங்கி ஆளை அனுப்பிவிட்டால் போதும். அடுத்த தவணை நேரில் போய்க் கூப்பிட்டு, காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம்.

அவருக்கோ அவசரமில்லை. பையைத் திறந்து காட்டினார்.

முப்பத்தெட்டுப் புத்தகங்கள். அவள் முன்பு அனுப்பிய பெயர்களை ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் எழுதி, கீழே ஒரு ஆட்டுக்குட்டியும் கீறியிருந்தார். ஒன்றைப் போல ஒன்று இல்லை. ஒரு குட்டி பஸ்ஸில் தொங்கியது, ஒன்று வடை தின்றது.

மேலே இரண்டு புத்தகங்கள் தனியாக இருந்தன. அபிஷனுடைய ஆட்டுக்குட்டியும் ஹம்சிகாவுடைய ஆட்டுக்குட்டியும் போர்வை போர்த்திப் படுத்திருந்தன.

"ரெண்டு பேருக்கும் இப்ப எப்பிடி?"

"சுகம், சேர். நல்ல சுகம்."

ஒரு வாரத்தில் அவருக்கு அவள் சொன்ன முதல் உண்மை அது. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் மண்டபத்தில் மைக் உயிர் பெற்றது.

"எங்க, எல்லாரும் பலமாக் கையைத் தட்டுங்கோ பாப்பம்."

நானூறு பிள்ளைகள் தட்டினார்கள்.

கதிர்காமநாதன் அவளுடைய தோளுக்கு மேலாகப் பார்த்தார். மண்டப வாசலில், 'தனஞ்சயன் மாமாவை வரவேற்கிறோம்' என்று பெரிய பனர் கட்டியிருந்தது. அதை மெதுவாக, கடைசி எழுத்து வரை வாசித்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

இந்த மனிதருக்குப் போய் இதைச் செய்துவிட்டேனே என்று யதுஷா கூசிப்போனாள். "சேர், நான்..." என்று தொடங்கினாள்.

அவர் அவளை முடிக்க விடவில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, விரித்து, மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"நல்லாத்தான் புகை அடிச்சிருக்கினம், டீச்சர். நீங்களும் இதுக்குள்ள கனநேரம் நிக்காதேங்கோ."

பக்கத்தில் நின்ற வாச்சர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். கடல் காற்றைத் தவிர ஒன்றும் இல்லை.

கதிர்காமநாதன் பையை அவளுடைய கையில் கொடுத்துவிட்டு ஒழுங்கை வழியே நடந்து போனார். பஸ்கள் ஓடும் காலி வீதியில் திரும்பும் வரைக்கும் அந்தக் கைக்குட்டையை அவர் மூக்கிலிருந்து எடுக்கவில்லை.