ஊர் எதுவென்று கேட்டால்

நேர்முகத்தேர்வுக்கு முந்தின நாள், வகுப்பு நடத்தும் திலீபன் சேர் மேனுஷாவுக்குப் புத்தி சொன்னார்.

"தேயிலைத் தோட்டம், லயத்து வீடுன்னு வாயத் தொறந்துராதம்மா. பண்டாரவளை டவுன்னு சொல்லு. என்ன நடந்தாலும் கண்ணப் பாத்துச் சிரி."

அவளைத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்த கம்பெனி பதுளையில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. அங்கே வேலை செய்த எல்லாரும் கழுத்தில் மெரூன் துணி கட்டியிருந்தார்கள். மேனேஜர் மட்டும் கட்டவில்லை.

"எந்த ஊரும்மா?" என்றார்.

அப்போது அவருடைய காலருக்குள்ளிருந்து விரல் தடிமனில் ஓர் அட்டைப்பூச்சி நெளிந்து வந்தது. பூனாகலைத் தேயிலை மலையில் பிறந்தவளுக்கு அட்டை புதிதல்ல. ஆனால் இது ஏசி அறையில், அவர் தாடையில் ஏறி, வாயோரத்தில் கவ்விக் குடித்து உப்பியது. அவர் தட்டிவிடவே இல்லை. சீ என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, மேனுஷா அவர் கண்ணைப் பார்த்துச் சிரித்தாள்.

"பண்டாரவளை டவுன், சேர்."

"நானும் டவுன்தான். தோட்டத்து ஆளுங்கள நாங்க எடுக்கிறதில்ல."

அவளுடைய சட்டைக் காலருக்குள் சில்லென்று ஏதோ நெளிந்தது. கையைத் தூக்காமல் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்கே வேலைக்கு வாங்க," என்றவர், மேசை லாச்சியைத் திறந்து மடித்த மெரூன் துணி ஒன்றை நீட்டினார்.

"இறுக்கிக் கட்டிக்கங்க. இந்த நிறத்துல ரத்தம் தெரியாது."