ஃபைபரில் வரும் மகள்

கூடத்தில் இருந்தவர்கள்: சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட மகளைத் தலைமுழுகிய தணிகாசலம், அவர் மனைவி செங்கமலம், டி.வி. இணைப்பு விற்கும் ஆள்.

"கேபிள்னா சீரியல் கதாநாயகிக்கு உங்க பொண்ணு முகம் மட்டும் வரும் சார். டிஷ்ல குரலும் உண்டு. ஃபைபர்ல நீங்க பேசினா பதிலே சொல்லும்."

"எதிர்த்துப் பேசுமா?" என்றார் தணிகாசலம்.

"சேச்சே. நீங்க காட்டுற மாப்பிள்ளையைக் கட்டிக்கும்."

"அப்ப ஃபைபரே போடுப்பா."

செங்கமலம் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள். "நீங்க டி.வி.யில கல்யாணம் பண்ணி வைங்க. நான் பெரம்பூர்ல இருக்கிற என் பொண்ணைப் பாக்கப் போறேன்."

"போனா திரும்பி வராதே!"

"சாவி ஆணியில இருக்கு. பூட்டிக்கங்க."

அவள் படி இறங்கியதும் தணிகாசலம் கதவைச் சாத்திப் பூட்டினார்.