சாணி விழுந்த ஊற்று

இலட்சுமி முழங்காலளவு ஊற்றுக்குள் நின்று, இரண்டு கையாலும் சாணியை அள்ளி வெளியே வீசிக்கொண்டிருந்தாள்.

குடத்தோடு பக்கத்தில் நின்ற ஞானேஸ்வரிக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. விடியற்காலையில் அந்தச் சாணியைக் கொண்டுவந்து போட்டவள் அவள்தான்.

ஆடி பிறந்துவிட்டால் அந்த ஊரில் ஆறு என்பது பேருக்குத்தான். வெறும் மணல். அதில் வீட்டுக்கொரு ஊற்றுத் தோண்டி, சுரக்கிற தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளித்தான் குடம் நிரப்பவேண்டும்.

எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டு வந்தது இலட்சுமி குடும்பம். இந்தக் கோடையில் அவர்கள் ஞானேஸ்வரியின் ஊற்றுக்குச் சற்று மேலே ஒன்றைத் தோண்டிவிட்டார்கள். அன்றிலிருந்து ஞானேஸ்வரிக்கு ஒரு குடம் நிறைய அரை நாள் ஆகிறது.

நேரே கேட்டுவிடலாம் என்றுதான் ஒருநாள் போனாள். "வாங்கக்கா" என்று இலட்சுமி வாயெல்லாம் பல்லாக எழுந்து வந்ததும், சுகம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

சண்டை பிடிக்கவும் முகமில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. கொஞ்சம் சாணி விழுந்தால் அருவருத்து வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள், அவ்வளவுதானே என்று நினைத்தாள்.

இவள் என்னடாவென்றால் உள்ளே இறங்கி அள்ளுகிறாள்.

பெண்கள் கூடிவிட்டார்கள். யாரோ போய் வீரபாகுவைக் கூட்டிவந்தார்கள். ஊற்றை அசுத்தமாக்கிய வீட்டுக்கு அந்தக் கோடை முழுக்க ஆற்றில் இடமில்லை என்பது ஊர்க்கட்டுப்பாடு. அதைப் பார்த்து நடத்துகிறவர் அவர். காட்டில் வேட்டைக்குத் திரிந்த மனிதர் வேறு.

"ஒருத்தரும் அங்கால இங்கால நடக்காதேங்கோ. விடியப் பதிஞ்ச தடம் கிடக்கும், பாத்துச் சொல்லுறன்."

ஞானேஸ்வரி குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று இரவிரவாக மணலை வாரி, முதல்நாள் தடங்களையெல்லாம் மூடிவிடும். விடியலில் நடந்தவளின் காலடி அச்சடித்தது போலக் கிடக்கும். பிறந்து வளர்ந்த ஊரில் இதைக்கூட யோசிக்கவில்லையே, மூதேவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வீட்டில் மூன்று பிள்ளைகள். தண்ணீருக்கு எங்கே போவாள்?

வீரபாகு குனிந்து பார்த்தார். பெண்கள் நின்ற இடத்தைத் தாண்டிக் காலடி எதுவும் இல்லை. யாரோ விளக்குமாற்றால் இழுத்துக் கூட்டியது போல மணல் முழுக்கக் கீறல்.

"மாடுதாங்கய்யா," என்றாள் இலட்சுமி, நிமிராமலே. "மறுபடி வந்துடக் கூடாதுன்னு வேலிக்கு முள்ளுக் கொப்ப இழுத்துக்கிட்டு வந்தேன். தடமெல்லாம் அதுல அழிஞ்சிருச்சு."

கொப்பு பக்கத்தில்தான் கிடந்தது. அவளுடைய முழங்கை வரைக்கும் முள் கிழித்திருந்தது.

"விசர் வேலை பாத்திட்டாய் பிள்ளை, கிடந்த தடத்தையும் அழிச்சுப்போட்டாய்," என்று முணுமுணுத்துக்கொண்டு வீரபாகு போய்விட்டார். பெண்களும் கலைந்தார்கள்.

ஊர்த் தெய்வம் நாகதம்பிரான்தான் காப்பாற்றினார் என்று ஞானேஸ்வரி நினைத்தாள். நினைத்த மறுகணம் வெட்கமாக இருந்தது. அந்தப் பேதை, மாட்டின்மேல் பழியைப் போட்டுவிட்டுச் சாணி அள்ளுகிறாள். தனக்கோ தப்பிவிட்டோம் என்ற சந்தோசம்.

தன் ஊற்றில் ஊறியிருந்ததை அள்ளி, அரைக் குடத்தோடு வீட்டுக்கு நடந்தாள்.

முள் மரங்கள் நிற்பது அக்கரையில். இந்தப் பக்கம் ஒரு பற்றை கூடக் கிடையாது. ஆனால், வந்த அவசரத்தில் அவள் கவனிக்காத அந்தக் கொப்பு இழுத்த கீறல் இக்கரையில் ஏறி, அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

விடியலில் சாணியோடு அவள் நடந்துவந்த ஒழுங்கை முழுக்க அது கிடந்தது. கனகலிங்கத்தின் வளவைக் கடந்தது. கமலாட்சி வீட்டையும் கடந்தது.

ஞானேஸ்வரியின் வீட்டு வாசல் படலையடியில் வந்து நின்றது.

அவள் திரும்பிப் பார்த்தாள். கீழே, ஆற்று மணலில், இலட்சுமி இன்னும் கலங்கல் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தாள்.

படலையைத் திறக்க ஞானேஸ்வரிக்குக் கை வரவில்லை.