பிறவி ஊமை

ஒரு கல்லீரல் செல்லுக்குள் அண்ணன் தம்பியாக இரண்டு மரபணுக்கள் இருந்தன. காயம் ஆறுகிற அளவுக்குப் புதுச் செல்கள் பிறந்ததும், "போதும், நிறுத்து" என்று சொல்வதுதான் இரண்டுக்கும் வேலை. கிருமி குடியேறிய கல்லீரல் அது, காயத்துக்குப் பஞ்சமில்லை. ஒருநாள் அண்ணன் முறிந்துபோனது. தம்பி தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"எப்பப் பாரு போதும் போதும்னு நச்சரிக்கிற" என்று சலித்துக்கொண்ட செல், தம்பியை அடிக்கவில்லை, விரட்டவில்லை. வாயை மட்டும் ஒட்டிவிட்டு, நிம்மதியாகப் பிளந்து இரண்டானது. புதுச் செல்லுக்குள்ளும் ஒட்டிய வாயோடு ஒரு தம்பி இருந்தது.

"இவரு ஏன் பேச மாட்டேங்கிறாரு?" என்று புதுச் செல் கேட்டது.

"பாவம், பிறவி ஊமை. நீ உன் வேலையைப் பாரு" என்றது பழைய செல்.

தம்பிக்குக் காது நன்றாகவே கேட்டது. அதற்குள் புதுச் செல் பிளக்கத் தொடங்கியிருந்தது.